இரண்டு பென்னியும் இரண்டாம் பாகமும்



ஓர் இசைப்படத்துக்கு இரண்டாம் பாகம் எடுத்தால் அதை எதைக் கொண்டு எடைபோடுவது? இன்றைய பேச்சு இந்தக் கேள்வியைப் பற்றியது. வழக்கமாக நம்மிடம் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். முதல் படத்தைப் போலவே இருந்தால், அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள் என்போம். கொஞ்சம் மாறியிருந்தால், நல்ல படத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்போம். இரண்டுமே அவசரத்தில் சொல்வது.

சண்டைப் படத்துக்கோ துப்பறியும் படத்துக்கோ தொடர்ச்சி எடுப்பவரிடம் ஒரு புதுக் கதை இருந்தால் போதும். இசைப்படத்துக்குத் தொடர்ச்சி எடுப்பவர் புதுப் பாட்டும் கொண்டுவர வேண்டும். திரையரங்கில் முதல்முறையாகக் காதில் விழும் அந்தப் பாட்டு, ரசிகர் சிறுவயதிலிருந்து முணுமுணுத்துவரும் பாட்டோடு போட்டிபோட வேண்டும். இந்தப் போட்டி ஆரம்பத்திலேயே சமமில்லாதது. ஆகையால் 'பழைய பாட்டுப் போல இனிமையாக இருக்கிறதா' என்று கேட்டால் எந்தத் தொடர்ச்சியும் தேறாது. நான் வேறொரு கேள்வி கேட்கிறேன்: பாட்டு கதைக்குள் என்ன வேலை செய்கிறது?

இந்தக் கேள்வியோடு ஒரே ஒரு ஜோடியை உங்கள் முன் வைக்கிறேன். 1964இல் வால்ட் டிஸ்னி தயாரித்த 'மேரி பாப்பின்ஸ்', 2018 டிசம்பரில் வெளியான 'மேரி பாப்பின்ஸ் ரிட்டர்ன்ஸ்'. இடையில் 54 ஆண்டுகள். ஒரு படத்துக்கும் அதன் தொடர்ச்சிக்கும் நடுவே இவ்வளவு காலம் கடப்பது அபூர்வம்.

இவ்வளவு தாமதம் ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேரி பாப்பின்ஸைப் படைத்தவர் பி. எல். டிராவர்ஸ். 1899இல் ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மேரிபரோ ஊரில் பிறந்தவர். அவருடைய அப்பா வங்கி மேலாளராக இருந்து, பிறகு பதவி இறக்கப்பட்டவர். மகளுக்கு ஏழு வயதாக இருக்கும்போதே இறந்துபோனார். அந்தப் பெண் வளர்ந்து லண்டனுக்குப் போய், 1934இல் முதல் மேரி பாப்பின்ஸ் புத்தகத்தை வெளியிட்டார். அதில் பிள்ளைகளின் அப்பாவுக்கு வேலை வங்கியில். இது தற்செயலாக வந்ததென்று நான் நினைக்கவில்லை.

அந்தக் கதையைப் படமாக்க உரிமை கேட்டு டிஸ்னி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நடையாய் நடந்தார். கடைசியில் டிராவர்ஸ் சம்மதித்தார். ஆனால் வந்த படம் அவருக்குப் பிடிக்கவில்லை. கார்ட்டூன் உருவங்களோடு நடிகர்கள் ஆடும் பகுதியை அவர் கடைசிவரை ஏற்கவேயில்லை. அவர் 1996இல் இறக்கும்வரை அடுத்த படம் எதுவும் கைகூடவில்லை. ஆக, 2018இல் வந்தவர்களின் முன்னால் இரண்டு கடன்கள் இருந்தன. ஒன்று உலகமே நேசிக்கும் படத்துக்கு, இன்னொன்று அந்தப் படத்தை நேசிக்காத எழுத்தாளருக்கு.

முதல் படத்துக்கு வருவோம். இயக்கம் ராபர்ட் ஸ்டீவன்சன். பாட்டுகள் ரிச்சர்ட் ஷெர்மன், ராபர்ட் ஷெர்மன் என்ற சகோதரர்கள். கதை நடப்பது 1910இன் லண்டனில். படம் முழுவதும் எடுக்கப்பட்டது கலிஃபோர்னியாவின் பர்பாங்க் நகரிலுள்ள படப்பிடிப்புத் தளங்களில். மேரி பாப்பின்ஸாக நடித்த ஜூலி ஆண்ட்ரூஸுக்கு அதுதான் முதல் திரைப்படம். 'மை ஃபேர் லேடி'யை மேடையில் புகழ்பெறச் செய்த அவரை, அதன் திரைவடிவத்துக்கு வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். அவருக்கு இந்தப் படம் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரைத் தந்தது. மொத்தம் 13 பரிந்துரைகள், 5 விருதுகள்.

இப்படிச் சொன்னால் இது ஒரு மாய ஆயாவின் கதை என்று தோன்றும். கூர்ந்து பாருங்கள்: ஆயா கொஞ்சமும் மாறுவதில்லை. பிள்ளைகளும் பெரிதாக மாறுவதில்லை. மாறுகிறவர் அப்பா, ஜார்ஜ் பேங்க்ஸ். கதை அவருடையது. அவரை மாற்றும் வேலையைப் பாட்டுகள் செய்கின்றன.

ஒரு மெட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். படத்தின் தொடக்கத்தில் ஜார்ஜ் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். வீட்டில் எல்லாம் கடிகாரம் போல நடக்கிறது என்ற நிறைவில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாடுகிறார். 'தி லைஃப் ஐ லீட்' என்ற பாட்டு. மிடுக்கான நடை, அதிகாரம் தொனிக்கும் குரல். பிறகு மேரி பாப்பின்ஸைக் கண்டிக்கும்போது அதே மெட்டைக் கையில் எடுக்கிறார், ஒரு வீட்டை வங்கியைப் போல நடத்த வேண்டும் என்று. மேரி பாப்பின்ஸ் எதிர்த்துப் பேசவில்லை. அவருடைய மெட்டிலேயே பதில் பாடி, நாளைக்குப் பிள்ளைகளை நீங்களே வங்கிக்கு அழைத்துப் போகிறீர்கள் என்ற முடிவை அவர் வாயிலேயே வரவைத்துவிடுகிறாள். மூன்றாவது முறை அந்த மெட்டு வருவது இரவில். வங்கியில் பெரிய குழப்பம் நடந்துவிட்டது, வேலை போகப்போகிறது, மனிதர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் புகைபோக்கி துடைக்கும் பெர்ட். மிடுக்கு முழுக்க வடிந்து, அதே மெட்டு மெதுவாக, தழுதழுத்து வருகிறது. 'எ மேன் ஹாஸ் ட்ரீம்ஸ்' என்று அதற்குப் பெயர். ஒரே மெட்டு, மூன்று இடம், மூன்று மனநிலை. ஒரு மனிதன் உடைகிற கதையை வசனமே இல்லாமல் அந்த மெட்டு சொல்லிவிடுகிறது.

அடுத்து ஒரு நகைச்சுவைத் துணுக்கு. மேரி பாப்பின்ஸின் ஆல்பர்ட் மாமா வீட்டில் எல்லோரும் சிரித்துச் சிரித்து கூரைவரை மிதக்கும் காட்சி வருகிறதல்லவா? கதைக்குச் சம்பந்தமில்லாத கூத்து என்றுதான் முதலில் தோன்றும். அங்கே மரக்கால் வைத்த ஒருவரைப் பற்றி ஒரு துணுக்கு சொல்லப்படுகிறது. பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அப்பாவுக்கு விளங்கவில்லை, எரிச்சல்தான் வருகிறது. கடைசியில், வங்கியின் இயக்குநர்கள் அவருடைய தொப்பியில் ஓட்டை போட்டு, குடையைத் திருப்பி ஒடித்து அவமானப்படுத்தி நிறுத்தும்போது, அவருக்கு அந்தத் துணுக்கு நினைவுக்கு வருகிறது. அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு வெளியேறுகிறார். கூத்தாகப் பார்த்த காட்சி அங்கே கதையின் அச்சாணியாகிவிடுகிறது.

இப்படி ஒவ்வொரு பாட்டும் இன்னொரு காட்சியில் வேலை செய்கிறது. கூரை மேல் புகைபோக்கித் துப்புரவாளர்கள் ஆடும் 'ஸ்டெப் இன் டைம்' நீளமான ஆட்டம். அது முடியும்போது கரி பூசிய அத்தனை பேரும் பேங்க்ஸ் வீட்டுக்குள் புகுந்து, வாசலில் நிற்கும் ஜார்ஜின் கையைக் குலுக்கிவிட்டுப் போகிறார்கள். தன் வாழ்நாளில் அவர் ஏறிட்டும் பார்த்திராத மனிதர்கள் அவர்கள்.

எல்லாவற்றுக்கும் நடுவே 'ஃபீட் த பேர்ட்ஸ்'. புனித பவுல் பேராலயத்தின் படிக்கட்டில் ஒரு மூதாட்டி, புறாக்களுக்குத் தீனி விற்கிறாள். பொட்டலம் இரண்டு பென்னி. ஆயா பிள்ளைகளுக்கு இரவில் பாடுகிற பாட்டு அது. வால்ட் டிஸ்னிக்கு மிகவும் பிடித்த பாட்டு. ரிச்சர்ட் ஷெர்மனைக் கூப்பிட்டு அதை வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். மறுநாள் சிறுவன் மைக்கேல் தன் இரண்டு பென்னியைப் புறாவுக்குச் செலவிட விரும்புகிறான். அப்பா அவனை வங்கிக்குள் அழைத்துப் போகிறார். அங்கே வங்கியின் கிழவர்கள் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டு, அதை எங்களிடம் போடு, எப்படிப் பெருகுகிறது பார் என்று பாடுகிறார்கள். மூத்தவர் அவன் கையிலிருந்து காசைப் பிடுங்குகிறார். என் காசைக் கொடு என்று பையன் கத்த, அதைக் கேட்ட மற்றவர்கள் வங்கி திவாலாகிறதோ என்று பயந்து தங்கள் பணத்தைக் கேட்டு முண்டியடிக்கிறார்கள். அன்றிரவு வேலையை இழக்க ஜார்ஜ் தனியே நடந்துபோகும்போது பின்னணியில் எழுவது அந்தப் புறாப் பாட்டுதான். வங்கிக்கு நடந்துபோகும் அந்த வழியில் அவருக்கு எது பெரிதென்று புரிகிறது. இரண்டு பென்னி என்ற சிறு காசின் மேல் ஒரு முழுப் படம் நிற்கிறது.

இனி இரண்டாம் படம். இயக்கியவர் ராப் மார்ஷல். 2002இல் 'சிகாகோ' எடுத்தவர். இசை மார்க் ஷைமன். பாட்டு வரிகள் அவரும் ஸ்காட் விட்மனும். கதை 1930களின் பொருளாதாரச் சரிவுக் காலத்துக்கு நகர்கிறது. சிறுவனாக இருந்த மைக்கேல் இப்போது மூன்று பிள்ளைகளின் அப்பா. மனைவி இறந்துவிட்டாள். ஓவியரான அவர், பிழைப்புக்காக அப்பா வேலைபார்த்த அதே வங்கியில் பகுதிநேர வேலை பார்க்கிறார். வீட்டின் மேல் வாங்கிய கடனைத் தவணை தவறவிட்டதால், வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குள் முழுத் தொகையும் கட்டாவிட்டால் வீடு போய்விடும். அப்பா விட்டுப்போன பங்குப் பத்திரம் எங்கோ இருக்கிறது; தேட வேண்டும். இந்த நேரத்தில் மேரி பாப்பின்ஸ் திரும்பி வருகிறாள்.

கதைக்கரு நல்லது. முதல் படத்தின் அப்பாவிடம் எல்லாம் இருந்தது, பிள்ளைகளுக்கு நேரம்தான் இல்லை. இந்த அப்பாவிடம் பாசம் நிறைய இருக்கிறது. துக்கம் அதை மூடியிருக்கிறது. தொடர்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைக்காது.

ஆனால் பாட்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் புகைபோக்கித் துப்புரவாளர்கள் ஆடிய இடத்தில் இங்கே தெருவிளக்கு ஏற்றுபவர்கள் ஆடுகிறார்கள். சிரித்து மிதந்த ஆல்பர்ட் மாமாவின் இடத்தில், வீடே தலைகீழாகும் உறவுக்காரி டாப்ஸி. நடைபாதை ஓவியத்துக்குள் குதித்த இடத்தில், பீங்கான் கிண்ணத்தின் சித்திரத்துக்குள் குதிக்கிறார்கள். இறுதியில் பட்டம் விட்ட இடத்தில் பலூன். வீட்டுக்கு வரைபடம் ஒன்று முன்பே இருக்க, அதே அளவில் அறைகளைக் கட்டியிருக்கிறார்கள். எந்த அறையில் நுழைந்தாலும் பழைய அறைதான் நினைவுக்கு வருகிறது.

இடத்தை நிரப்பியதில் தப்பில்லை. வேலை செய்கிறதா என்பதுதான் நம் கேள்வி. டாப்ஸியாக மெரில் ஸ்ட்ரீப் நடித்த 'டர்னிங் டர்டில்' காட்சியைப் பாருங்கள். உடைந்த கிண்ணத்தை ஒட்டப் போகிறார்கள், தலைகீழாகப் பார்த்தால் உலகம் வேறுமாதிரி தெரியும் என்று பாடுகிறார்கள், ஆட்டம் முடிகிறது. பிறகு கதையில் டாப்ஸி வருவதில்லை. அங்கே கற்றதை வைத்து நெருக்கடியில் யாரும் எதையும் தீர்ப்பதில்லை. ஆல்பர்ட் மாமாவின் ஒரு துணுக்கு கதையின் முடிச்சையே அவிழ்த்ததை நினைத்துக்கொண்டால், இழப்பு எங்கே என்று தெரியும். மெட்டில் குறையில்லை. அந்தப் பாட்டைக் கத்தரித்து எடுத்தாலும் கதை அப்படியே நிற்கிறது, அதுதான் குறை.

அதற்காக இதை ஒதுக்கித்தள்ள நான் தயாரில்லை. இந்தப் படத்துக்குச் செய்ய வேண்டிய நியாயம் இருக்கிறது.

முதலில், மேரி பாப்பின்ஸாக நடித்த எமிலி பிளன்ட். ஜூலி ஆண்ட்ரூஸைப் போல நடிக்க அவர் ஓர் இடத்திலும் முயலவில்லை. கண்ணாடியைக் கண்டால் தன் அழகை ஒருகணம் பார்த்துக்கொள்வது, வெடுக்கென்று பேசுவது, கனிவைக் கடைசிவரை வெளிக்காட்டாமல் வைத்திருப்பது. இது புத்தகத்து மேரி பாப்பின்ஸ். டிராவர்ஸ் எழுதிய அந்தக் கறாரான, கொஞ்சம் தற்பெருமை கொண்ட பெண் 2018இல்தான் திரைக்கு அதிகம் நெருங்கி வந்தாள். எழுத்தாளருக்கான கடனில் ஒரு பகுதி இங்கே அடைந்தது.

அடுத்து அந்தக் கிண்ணக் காட்சி. எல்லாவற்றையும் கணினி செய்யும் காலத்தில், கையால் வரைந்த சித்திரங்களோடு நடிகர்களை ஆடவைத்தார்கள். ஆடைகளை வடிவமைத்த சாண்டி பவல், துணியின் மடிப்புகளையும் நிழல்களையும் துணிமேலேயே தூரிகையால் தீட்டவைத்தார். அதனால் எமிலி பிளன்ட் சித்திரத்துக்குள் நிற்கும்போது அவர் அணிந்த உடையும் வரைந்ததாகவே தெரிகிறது. பழைய கைத்தொழிலின் மீது மரியாதை உள்ளவர்களால்தான் இவ்வளவு பாடுபட முடியும்.

இனி, இந்தப் படம் தன் சொந்தக் காலில் நிற்கும் இடம். பிள்ளைகளின் படுக்கையறை. கெட்ட கனவு கண்டு விழித்த மூன்று பேர். அம்மா இல்லாத ஓராண்டு. மேரி பாப்பின்ஸ் 'தி ப்ளேஸ் வேர் லாஸ்ட் திங்ஸ் கோ' என்ற தாலாட்டைப் பாடுகிறாள். காணாமல் போனவை அழிந்துவிடுவதில்லை, எங்கோ இருக்கின்றன என்பது அதன் சாரம். ஆட்டமில்லை, மாயமில்லை. பிறகு ஒரு நாள், கவலையில் நொந்துபோன மைக்கேல் பிள்ளைகளைக் கடுமையாகத் திட்டிவிடுகிறார். அப்போது பிள்ளைகள் அந்தப் பாட்டை அப்பாவுக்குப் பாடுகிறார்கள். ஆயாவிடமிருந்து பிள்ளைகளுக்கு, பிள்ளைகளிடமிருந்து அப்பாவுக்கு. பாட்டு கைமாறிப் போகப் போக, மூடிக்கிடந்த மனிதர் திறக்கிறார். அம்மாவை இழந்த பிள்ளைகளே அப்பாவைத் தேற்றும் இந்தக் காட்சிக்கு முதல் படத்தில் ஒப்பில்லை. அதற்கு முன்பே, பரணில் பழைய சாமான்களுக்கு நடுவே, மைக்கேலாக நடித்த பென் விஷா தன் இறந்த மனைவியோடு பேசுவதுபோலப் பாடும் 'எ கான்வர்சேஷன்' இருக்கிறது. அதைப் பாட்டு என்பதைவிட, மெட்டில் நனைந்த பேச்சு என்று சொல்லலாம். இந்த இரண்டிலும் 1964இன் வரைபடம் கையில் இல்லை. ஆகவேதான் அவை உயிரோடு இருக்கின்றன.

அப்படியானால் இந்தப் படம் எங்கே சறுக்குகிறது? முடிவில். கெடு முடிகிற நேரம். பத்திரம் கிடைத்தும் அதில் கையொப்பமிட்ட துண்டு இல்லை, வங்கித் தலைவர் வில்கின்ஸ் இரங்கவில்லை. அப்போது, முதல் படத்தில் மைக்கேலின் காசைப் பிடுங்கிய மூத்த டாஸின் மகன் வருகிறார். முதல் படத்தில் பெர்ட்டாகவும், வங்கியின் தொண்டுகிழவராகவும் இரட்டை வேடமிட்ட டிக் வான் டைக், தொண்ணூறைக் கடந்த வயதில் மேசைமேல் ஏறி ஆடுகிறார். யாருடைய கண்ணும் கசியும். ஆனால் அவர் சொல்லும் தீர்வைக் கேளுங்கள். அன்று வேலையை விட்டுப் போகும்போது ஜார்ஜ் ஒப்படைத்துவிட்டுப் போன அந்த இரண்டு பென்னியை வங்கி பத்திரமாக முதலீடு செய்தது. அது பெருகி, இப்போது வீட்டுக் கடனை அடைக்கும் அளவுக்கு வந்துவிட்டது!

எந்த இரண்டு பென்னி? புறாவுக்குப் போயிருக்க வேண்டிய இரண்டு பென்னி. முதல் படத்தில் கிழவர்கள் சூழ்ந்துகொண்டு பாடினார்களே, எங்களிடம் போட்டால் பெருகும் என்று. கேட்கிறவர் முகம் சுளிக்க வேண்டும் என்றுதானே அது எழுதப்பட்டது? 54 ஆண்டுகள் கழித்து அவர்கள் பாடியதுதான் சரி என்று தொடர்ச்சி தீர்ப்பெழுதிவிட்டது. மூதாட்டியின் பாட்டு தோற்றது, வங்கியின் பாட்டு ஜெயித்தது.

முதல் படத்தின் முடிவிலும் ஜார்ஜுக்கு வங்கி வேலை திரும்பக் கிடைக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கிடைக்கிறது, பங்குதாரராகவே ஆக்குகிறார்கள். ஆனால் அது கிடைப்பது, அவர் அதை இழந்ததைப் பொருட்படுத்தாமல் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளின் கிழிந்த பட்டத்தை ஒட்டி, பூங்காவுக்குப் போன பிறகு. அவர் மாறிவிட்டார், வேலை பின்னால் வந்தது. இரண்டாம் படத்தில் மைக்கேலும் மாறிவிட்டார்தான். வீடு போனாலும் நாம் ஒன்றாக இருக்கிறோம் என்ற தெளிவுக்கு வந்துவிட்டார். அதன் மேல் கூட்டுவட்டி வந்து, அந்தத் தெளிவுக்கு வேலையே இல்லாமல் செய்துவிடுகிறது. பாட்டுகளின் இடங்களை அத்தனை கவனமாகப் பின்பற்றியவர்கள், பாட்டின் பொருளை மட்டும் கைவிட்டுவிட்டார்கள்.

இந்த அளவுகோலை மற்ற படங்களிலும் வைத்துப் பார்க்கலாம். 1978இன் 'கிரீஸ்' படத்தின் நடனங்களை அமைத்த பாட்ரிசியா பர்ச், 1982இல் 'கிரீஸ் 2'ஐ இயக்கினார். முதல் படத்தில் பெண் தன்னை மாற்றிக்கொள்கிறாள். இரண்டாவதில் பையன் மாறுகிறான். யோசனை நல்லதுதான், ஆனால் பாட்டுகள் அந்த யோசனையைத் தூக்கிச் சுமக்கவில்லை, படம் எடுபடவில்லை. 2018இலேயே வந்த 'மம்மா மியா! ஹியர் வி கோ அகெய்ன்' வேறு கதை. ஆபா குழுவின் பாட்டுகளில் பிரபலமானவை பல முதல் படத்திலேயே செலவாகிவிட்டன. மிஞ்சியவற்றோடு வந்த இரண்டாம் படம், முதல் படத்தின் நாயகி டோனா இறந்துபோய்விட்டாள் என்ற ஒரு துணிச்சலான முடிவை எடுத்தது. கடைசியில் குழந்தையின் ஞானஸ்நானத்தில் இறந்த தாயும் மகளும் சேர்ந்து பாடும் 'மை லவ், மை லைஃப்', அதிகம் பேர் அறியாத பாட்டு. அங்கே அது தாய்மை பற்றிய பாட்டாகப் புதிதாகப் பிறக்கிறது. புகழ் குறைந்த பாட்டுக்குச் சரியான வேலை கொடுத்தால் அது புகழ்பெற்ற பாட்டையும் மிஞ்சும் என்பதற்கு அது போதும்.

நாம் பாட்டுள்ள படங்களிலேயே வளர்ந்தவர்கள். கதையோடு ஒட்டாத பாட்டு வந்தால் எழுந்து வெளியே போய்விட்டு வருகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பழக்கத்துக்குள் ஒரு விமர்சன அளவுகோல் இருக்கிறது: எழுந்து போய்விட்டுத் திரும்பினாலும் கதை புரிகிறதென்றால், அந்தப் பாட்டு தன் வேலையைச் செய்யவில்லை. 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் எந்தப் பாட்டுக்கும் எழுந்து போக முடியாது. 'மேரி பாப்பின்ஸ் ரிட்டர்ன்ஸ்' படத்தில் பல பாட்டுகளுக்கு எழுந்து போகலாம். இரண்டுக்கு மட்டும் முடியவே முடியாது.

என் தீர்ப்பு இதுதான். இரண்டாம் படம் முதல் படத்துக்கு ஈடில்லை. ஆனால் அது தோற்றது, முதல் படத்தைப் போல இல்லாததால் இல்லை. அதைப் போலவே இருக்க மிகவும் பாடுபட்டதால். தன் சொந்த துக்கத்தை நம்பிப் பாடிய இடங்களில் அது முதல் படத்தோடு தோளோடு தோள் நிற்கிறது. இனி ஓர் இசைப்படத்துக்குத் தொடர்ச்சி எடுக்க நினைக்கிறவர் இதை எழுதி வைத்துக்கொள்ளட்டும்: பழைய பாட்டுகள் எந்தெந்த இடத்தில் வந்தன என்ற பட்டியல் உங்களுக்கு வேண்டாம். அவை எதற்காகப் பாடப்பட்டன என்று கேளுங்கள். அதற்குத் துரோகம் செய்யாதீர்கள். பிறகு உங்கள் கதைக்கு எது வலிக்கிறதோ அதைப் பாடுங்கள். அப்படி ஒரே ஒரு பாட்டு அமைந்தாலும் போதும், அந்த இரண்டாம் பாகம் எடுத்ததற்கு நியாயம் உண்டு.